கண்வலிப் பூ

அழகர்மலையில் ராக்காயி தீர்த்தத்துக்கு ஏறும் வழியில், முள்ளுப் புதருக்குள் ஒரே ஒரு செங்காந்தள்.

இலை நுனி கம்பி மாதிரிச் சுருண்டு பக்கத்து முள்ளைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. இதழ் அடியில் மஞ்சள், மேலே சிவப்பு.

"தொடாதப்பா, கண்வலிக் கெழங்கு" என்றார் நெல்லிக்காய் விற்கும் ஆத்தா. சரிதான். கிழங்கு, விதை எல்லாம் கோல்சிசின் விஷம். கீல்வாதத்துக்கு மருந்தும் அதே விஷம்தான்!

மருந்துக்காகக் காட்டில் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். இப்போது ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே தோட்டம் போடுகிறார்கள்.

ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்கு ஆசியா வரை பரவிய செடி. அழியும் ஆபத்தைக் கணக்கிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் 'கவலை குறைந்த இனம்'. நமக்கு மாநில மலர். ஆனால் அழகர்மலையில் இன்று என் கண்ணில் பட்டது இது ஒன்றுதான்.

இறங்கும்போது பூவைக் காணோம். இலை மட்டும் முள்ளை விடவில்லை.