அப்பாவின் ஈயக்குண்டுப் பெட்டியும் எங்கள் ஏரி லூன்களும்

நேற்று விடிய ஐந்தரைக்கு அப்பாவும் நானும் கனூவை ஏரிக்குள் தள்ளினோம். ஒன்ராறியோவில் ஹலிபேர்ட்டன் பக்கம், ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய மூன்று மணித்தியால ஓட்டம். ஏரியின் பெயரை எழுதப்போவதில்லை. லூன் பறவையின் கூடு இருக்கிற இடம் தெரிந்தால் கமராவோடு ஆட்கள் கிட்டப் போய்விடுவார்கள்.

லூன் என்றால் கனடாவில் இருப்பவர்களுக்கு முதலில் காசுதான் நினைவு வரும். 1987இலிருந்து ஒரு டொலர் குற்றியில் இருப்பது இந்தப் பறவைதான், அதனால்தான் அதை லூனி என்கிறோம். நேரில் பார்த்தால் கறுத்தத் தலை, சிவந்த கண், முதுகு முழுக்கக் கட்டம் கட்டமாய் வெள்ளை. ஊர்க் குளங்களில் முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி எதிர்பாராத இன்னோர் இடத்தில் எழும்புமே, அதேபோலத்தான் இதுவும். ஆனால் தாராவை விடப் பெரியது.

பேர்ட்ஸ் கனடா அமைப்பு 1981இல் தொடங்கிய லூன் கணக்கெடுப்பில் நானும் ஒரு தொண்டர். எனக்கென்று ஒரு ஏரி. கோடையில் குறைந்தது மூன்று தடவை போய்ப் பார்க்க வேண்டும். யூனில் சோடி வந்துவிட்டதா, யூலையில் குஞ்சு பொரித்ததா, ஓகஸ்ட்டில் அந்தக் குஞ்சு இன்னும் உயிரோடு இருக்கிறதா. கடைசிக் கேள்விக்குத்தான் எனக்கு நெஞ்சு இடிக்கும். லூன் இருபது, முப்பது வருடம் வாழக்கூடிய பறவை. வருடக்கணக்காக ஒரு குஞ்சும் தேறாத ஏரியிலும் பெரிய சோடி அழகாய் நீந்திக்கொண்டேயிருக்கும். கொட்டேஜ் வாசலில் கோப்பிக் கோப்பையோடு நிற்பவருக்கு எல்லாம் நல்லாய் இருக்கிற மாதிரித்தான் தெரியும். யாராவது ஒவ்வொரு வருடமும் எண்ணி எழுதினால்தான் குறைவு கண்ணில் படும். சோடி ஒன்றுக்குத் தேறும் குஞ்சுகளின் சராசரி பல வருடங்களாக மெல்லக் குறைந்து வருகிறது என்பதும் அப்படி எழுதியதால் தெரிந்ததுதான்.

போன வருடம் நான் எழுதியது பூச்சியம். லூனின் கால்கள் உடம்பின் பின்பக்கத்தில் இருப்பதால் தரையில் அதற்கு நடக்க வராது. தண்ணீர் விளிம்பிலேயே கூடு கட்டி, நான்கு கிழமை அடைகாக்கும். ஒரு நீண்ட வார இறுதியில் மோட்டார் படகுகள் கரையை ஒட்டிச் சுழன்றன. திங்கள் காலை போனபோது கூட்டுப் புல் எல்லாம் ஊறிக் கிடந்தது. ஒரு முட்டை, பச்சை கலந்த மண்ணிறத்தில் கரும்புள்ளிகளோடு, நாணலுக்குள் மிதந்தது. பெட்டை சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது, அல்லது அது கடுவனோ, பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டுக்கும் ஒரே நிறம்.

அதன் பிறகு வெட்கத்தை விட்டுவிட்டேன். இந்த யூனில் வாடகைப் படகோடு ஒரு தமிழ்க் குடும்பம் வந்திறங்கியபோது நேராய்ப் போய், "அண்ணை, அந்த நாணல் பக்கம் மட்டும் மெதுவாய்ப் போங்கோ, முட்டை இருக்கு" என்றேன். அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு என்னிடம் கதை கேட்க வைத்தார். இரண்டு நாளும் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்பாவோடுதான் எனக்குப் பெரிய கதை. பருத்தித்துறைக்காரர். ஈயம் உருக்கி வலைக்குக் குண்டு வார்த்த கை. இங்கே தூண்டில் பெட்டி நிறைய ஈயம் வைத்திருந்தார். இரையை அரைக்க லூன் ஏரி அடியில் சிறு கற்களை விழுங்கும். அறுந்து விழுந்த ஈயக்குண்டும் அதற்குக் கல்தான். தூண்டிலோடு தப்பிய மீனைத் தின்றாலும் ஈயம் உள்ளே போய்விடும். ஒரு குண்டு போதும், சில கிழமைகளில் பறவை செத்துவிடும். தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத் தூண்டில் எடைகள் 1997இலிருந்து தடை. எங்கள் ஏரி அதற்குள் வராது.

இதைச் சொன்னபோது அப்பா பயறளவு குண்டொன்றை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "இவ்வளவு சின்னனோ?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பழைய குண்டுகளை ஒரு ஜாம் போத்தலில் போட்டு, நகரசபையின் ஆபத்தான கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது பெட்டியில் இருப்பது ஈயமல்ல, வெள்ளீயம் (tin). படகுத்துறையில் யாராவது தூண்டில் கட்டினால் தன்னுடையதில் இரண்டு எடுத்து நீட்டுகிறார்.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். நூற்றைம்பது மீற்றருக்கு உள்ளே போவதில்லை என்பது என் சட்டம். துடுப்பை மடியில் வைத்துவிட்டுத் தொலைநோக்கியில் பார்த்தேன். பெரியது இரண்டு. ஒன்றின் செட்டைக்குள் ஏதோ அசைந்தது. பிறகு கருஞ்சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு தலை வெளியே வந்தது. மற்றது மூழ்கி, ஊசி போன்ற சிறு மீனோடு எழும்பி, அந்த வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தது. குஞ்சு தவறவிட்டது. பெரியது திரும்ப மூழ்கி அதையே எடுத்துவந்தது.

"மற்றக் குஞ்சு முதுகுக்கு அந்தப் பக்கம் இருக்குமோ?" என்று அப்பா மெல்லக் கேட்டார். இன்னும் அரை மணித்தியாலம் காத்திருந்தோம். ஒன்றுதான். பெரியவை 2, குஞ்சு 1 என்று எழுதினேன்.

கழுகு, ஆமை, படகு எல்லாவற்றுக்கும் தப்பினால் ஓகஸ்ட்டில் அதைத் திரும்பப் பார்ப்போம். கரை வரும்வரை அப்பா துடுப்பைத் தண்ணீருக்குள் சத்தம் வராமல் இறக்கி இறக்கி எடுத்தார்.