ஒருமுறை சொன்னால் போதாதா?

அம்மாவின் ஓய்வூதிய விண்ணப்பத்தை நேற்று மூன்றாவது முறையாக இணையத்தில் நிரப்பினேன். அரசிடம் ஏற்கெனவே இருக்கும் பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் மறுபடி கேட்டது. அப்புறம் கோப்பு பெரிதாக இருக்கிறது என்று தள்ளிவிட்டது. வயதானவர்கள் தனியாக இதை எப்படிச் செய்வார்கள்? நினைத்தாலே மனது கனக்கிறது.

ஐரோப்பிய நாடான எஸ்தோனியாவில் 2001 முதல் எக்ஸ்-ரோடு என்ற கணினி இணைப்பின் வழியே அரசுத் துறைகள் தங்களுக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. குடிமக்கள் ஒருமுறை கொடுத்த விவரத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பது அங்கே கொள்கை. 2005 உள்ளாட்சித் தேர்தலில் இணையம் வழியாக வாக்களிக்கவே முடிந்தது!

சரி, நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஆனால் இணையம் வந்துவிட்டது என்பதற்காக நேரில் விண்ணப்பிக்கும் வழியை மூடிவிடாதீர்கள். அம்மாவுக்கு நானிருக்கிறேன், எல்லோருக்கும் அப்படி ஒருவர் இருப்பதில்லை.

இணையத்தில் விண்ணப்பிப்பவர்கள் ஒப்புகை எண்ணை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.