வாய்தா நோட்டு

2024 ஜூலை 8, திங்கள்

இன்றும் கோர்ட்டுக்குப் போனது வீண். புதிய குற்றவியல் சட்டங்களை எதிர்த்து வக்கீல்கள் ஒரு வாரமாக நீதிமன்றத்தைப் புறக்கணிக்கிறார்கள். அம்மா (எங்கள் முன்சீப் கோர்ட்டு நீதிபதியை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்) பத்தரைக்கே வந்து உட்கார்ந்தார். பெஞ்ச் கிளார்க் வழக்கு எண்ணைச் சொல்ல, டவாலி வாசலில் நின்று பெயர் கூப்பிட, எழுந்து நின்றவர்களுக்கெல்லாம் தேதி கொடுத்தார். எங்களுக்கு 22ஆம் தேதி.

பஸ்ஸில் தம்பி பொருமிக்கொண்டே வந்தான். "தேதி குடுக்கறதுக்கு எதுக்குக்கா ஒரு ஜட்ஜு?" வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் வக்கீல் வரவில்லை என்று கட்சிக்காரர் தலையில் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது வராத தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு, எழுதினால் அது யார் மேல் விழும்? எங்களைப் போன்றவர்கள் மேல்தான். இன்று அவர் தேதி கொடுத்ததை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

34 வருடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். சர்வர் படுத்துவிட்டால் வரிசையில் நிற்பவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள். அந்த நியாயமில்லாத திட்டு இன்னும் மனதில் இருக்கிறது. அதே திட்டை நான் இன்னொருவர் மேல் கொட்ட விரும்பவில்லை. அதனால் நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். எத்தனை மணிக்கு வந்தார், யார் வாய்தா கேட்டார்கள், என்ன காரணம், கொடுத்தாரா, வக்கீல் இல்லாதவரிடம் எப்படிப் பேசினார் என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதப்போகிறேன்.

2024 ஜூலை 22, திங்கள்

11.05க்கு வந்தார். காரணம் யாரும் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் ஒன்பதரையிலிருந்து வராந்தாவில் நின்றார்கள். இது குறை, குறையாகவே எழுதிவைக்கிறேன்.

எங்கள் வழக்கைப் பற்றிச் சுருக்கமாக. கொல்லைப்புறத்து வீட்டுக்குப் போகும் வண்டிப்பாதையை மறித்து, பெரியப்பா மகன், எங்களுக்கு அண்ணன் முறை, சுவர் எழுப்பக் கடைக்கால் போட்டார். 2022இல் வழக்குப் போட்டோம். சுவர் கட்டக்கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்டோம். இடத்தைப் பார்வையிடக் கோர்ட்டு நியமித்த வக்கீலான அட்வகேட் கமிஷனர் வந்து டேப் பிடித்து அளந்து, அறிக்கையும் கொடுத்துவிட்டார். தடை மனு மட்டும் இன்னும் நிலுவையில்.

இரவு இ-கோர்ட்ஸ் செயலியில் எங்கள் வழக்கின் அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைப் போட்டு, வாய்தா தேதிகளை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினேன். மொத்தம் 31. இந்த அம்மா 2023 ஜூனில்தான் இங்கே வந்தார். அவர் கொடுத்தவை 12. அதில் எதிர்த்தரப்பு கேட்டது 4, வக்கீல் புறக்கணிப்பு 2, அவருடைய விடுப்பு 1, கமிஷனர் அறிக்கை வராமல் போனது 1. மீதி 4 எங்கள் வக்கீலே கேட்டு வாங்கியவை.

தம்பியிடம் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆவது கட்டளை சொல்கிறது. அப்படியானால் எங்களுக்கும் ஒன்று கூடுதலாகக் கொடுத்திருக்கிறார், அண்ணனுக்கும் ஒன்று கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். கண்டிப்பு போதவில்லை என்று சொல்லலாம். ஒருபக்கம் சாய்ந்தார் என்று சொல்ல இடமில்லை.

2024 ஆகஸ்ட் 14, புதன்

தடை மனு மீது வாதம். அண்ணன் தரப்புக்கு மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு சீனியர் வக்கீல் வந்தார். அவர் உள்ளே நுழைந்ததுமே வக்கீல்களில் பாதிப் பேர் எழுந்து இடம் விட்டார்கள். அம்மா அவருக்குக் கொடுத்தது 25 நிமிடம், எங்கள் வக்கீலுக்கு 20. எங்கள் வக்கீலுக்குச் சொல்ல அவ்வளவுதான் இருந்தது.

நான் அதிகம் கவனித்தது வேறொன்றை. வக்கீல் இல்லாமல் ஒரு பெரியவர், தன் வாடகை வழக்கில் தானே எழுந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் பை நிறையக் காகிதம். எதைக் கொடுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தார். பெஞ்ச் கிளார்க் முகம் சுளித்தார். அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "ஐயா, இது நகல். மூலம் இருந்தா அடுத்த தடவை கொண்டு வாங்க. வக்கீல் வெச்சுக்க வசதியில்லைன்னா இதே வளாகத்துல சட்டப் பணிகள் குழு இருக்கு, இலவசமா ஏற்பாடு பண்ணுவாங்க" என்றார். பெரியவருக்குக் காது கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னார். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். பட்டியலில் அன்றைக்கு 60 வழக்குக்கு மேல்.

2024 செப்டம்பர் 19, வியாழன்

தடை மனு தள்ளுபடி.

ஒரே வரியில் படித்துவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார். எனக்குக் காதுக்குள் இரைந்தது. நோட்டில் ஒன்றும் எழுத முடியவில்லை.

வெளியே வந்ததும் தம்பி போனை எடுத்து ஃபேஸ்புக்கில் எழுத ஆரம்பித்தான். "ஜட்ஜை விலைக்கு வாங்கிட்டாங்க." போனைப் பிடுங்கினேன். "பார்த்தியா? யார் குடுத்தது, எப்போ குடுத்தது, சொல்லு" என்றேன். அவனிடம் பதில் இல்லை. தெருவில் எல்லோரும் பார்த்தார்கள்.

உண்மையிலேயே நடந்திருந்தால் போக வழி இருக்கிறது. கீழ்க் கோர்ட்டு நீதிபதிகள் மேல் கட்டுப்பாடு, அரசியலமைப்பின் 235ஆவது பிரிவுப்படி, உயர் நீதிமன்றத்தின் கையில். அங்கே விஜிலன்ஸ் பிரிவு இருக்கிறது. நல்லெண்ணத்தோடு அங்கே புகார் கொடுப்பது அவமதிப்பாகாது என்று 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டமே 6ஆவது பிரிவில் சொல்கிறது. எதற்குமே ஆதாரம் இல்லாமல் ஒரு பெண்ணின் பெயரைத் தெருவில் இழுப்பதற்கு எந்தச் சட்டமும் துணை வராது, என் மனசும் வராது.

ஆனாலும் ராத்திரி தூங்கவில்லை. 25 நிமிடம், 20 நிமிடம் என்று எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆகஸ்டில் ஒன்றுமில்லாத அந்த ஐந்து நிமிடம் இன்றைக்குப் பெரிதாகத் தெரிந்தது.

2024 செப்டம்பர் 27, வெள்ளி

உத்தரவின் நகல் கிடைத்தது. ஏழு பக்கம், தமிழில். மூன்று தடவை படித்தேன்.

நாலாவது பக்கத்தில் எங்கள் வாதம் இருக்கிறது. 1974ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம், அதில் வரும் "வடபுறப் பாதை" என்ற சொல், தாத்தா காலத்து வழக்கம், எல்லாவற்றையும் அப்படியே சொல்லியிருக்கிறார். எங்கள் வக்கீல் கோர்ட்டில் சொன்னதைவிடத் தெளிவாக இருக்கிறது. அப்புறம்தான் ஏன் ஏற்கவில்லை என்று வருகிறது. பத்திரத்தில் பாதைக்கு அகலம் எழுதப்படவில்லை. கமிஷனர் அறிக்கைப்படி மேற்கே பஞ்சாயத்துத் தெரு வழியாகவும் வீட்டுக்குப் போகலாம். ஆகவே முகாந்திரம் இருந்தாலும், இப்போதே தடுத்து நிறுத்தாவிட்டால் ஈடுகட்ட முடியாத இழப்பு வரும் என்று காட்டப்படவில்லை. கடைசியில், கட்டப்படும் எந்தச் சுவரும் வழக்கின் இறுதி முடிவுக்குக் கட்டுப்பட்டது என்று எழுதியிருக்கிறார்.

நாங்கள் கொடுத்த ஒன்பது புகைப்படங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏற்காவிட்டால் ஏற்கவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். இது சின்னக் குறையில்லை.

மேற்குத் தெரு வழி மழைக்காலத்தில் முழங்கால் சேறு. அதை நாங்கள் மனுவில் எழுதவே இல்லை. எழுதாததை அவர் எப்படிப் பார்ப்பார்?

சப் கோர்ட்டில் மேல்முறையீடு போடலாம் என்றார் வக்கீல். வேண்டாம், விசாரணைக்கே போவோம் என்று சொல்லிவிட்டேன். தம்பிக்கு இதில் சம்மதமில்லை. அண்ணன் வீட்டில் நேற்று செங்கல் இறங்கியது.

2024 டிசம்பர் 12, வியாழன்

எழுவினாக்கள், அதாவது வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள், முன்பே வனைந்தாயிற்று. இன்று என் ப்ரூஃப் அஃபிடவிட் (எழுத்துமூலமான சாட்சியம்) தாக்கல், ஆவணங்களுக்கு எண் குறியீடு. அரை மணியில் முடிந்தது. சுவர் ஆள் உயரம் வந்துவிட்டது.

2025 ஜனவரி 23, வியாழன்

இன்று சாட்சிக் கூண்டில் நான். குறுக்கு விசாரணை.

கோர்ட்டில் சாட்சியம் எப்படிப் பதிவாகிறது என்று இன்றுதான் பார்த்தேன். நான் சொன்னது அப்படியே ஏறுவதில்லை. வக்கீலின் கேள்வியும் என் பதிலும் சேர்ந்து "என்று சொன்னால் சரிதான்", "என்று சொன்னால் சரியல்ல" என்று ஒரே வாக்கியமாக டைப் ஆகிறது. அந்த வாக்கியத்தை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சீனியர் கேட்டார்: "அந்த வழியா இப்போ வண்டி எதுவும் போறதில்லையே?" நான் சொன்னேன்: "அப்பா இருந்தவரைக்கும் மாட்டு வண்டி போகும். அப்புறம் தம்பியோட டி.வி.எஸ். போகும். கடைக்கால் போட்டதுக்கப்புறம்தான் போகல." அவர் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, "தாவாப் பாதையில் தற்போது வண்டி எதுவும் செல்வதில்லை என்று சொன்னால் சரிதான்" என்றார். தாவாப் பாதை என்றால் வழக்கில் இருக்கும் பாதை.

டைப்பிஸ்ட் விரல் வைப்பதற்குள் அம்மா, "அவங்க அப்படிச் சொல்லலையே" என்றார். பிறகு அவரே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். என் தந்தை காலத்தில் மாட்டு வண்டி போகும், பின்னர் என் தம்பியின் மோட்டார் வாகனம் போகும், கடைக்கால் போட்ட பிறகே போகவில்லை. "சரியாம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சரி என்றேன்.

தைரியம் வந்து, மழைக்காலச் சேற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். உடனே கை காட்டி நிறுத்தினார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மீதியை உங்க வக்கீல் மறு விசாரணையில கேட்பார்." குறுக்கு விசாரணைக்குப் பிறகு நம் வக்கீலே மறுபடி கேள்வி கேட்பதுதான் மறு விசாரணை. எங்கள் வக்கீல் கேட்கவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு எங்கள் வக்கீல் மேல்தான்.

2025 பிப்ரவரி 20, வியாழன்

அண்ணன் கூண்டில். அவர் "சின்ன வயசுல வண்டி போனதாச் சொல்வாங்க, நான் பார்த்ததில்ல" என்றார். எங்கள் வக்கீல் டைப்பிஸ்டிடம், "வண்டி சென்று வந்தது என்று சொன்னால் சரிதான்" என்றார்.

"அவர் அப்படிச் சொல்லலையே."

ஜனவரியில் கேட்ட அதே குரல். ஒரு பிசிறு கூட மாறவில்லை. தம்பி என் முழங்கையைத் தொட்டான். வீட்டுக்கு வந்ததும் நோட்டைக் கேட்டு வாங்கி, அந்த இடத்தில் அவனே தேதி போட்டு எழுதினான்.

2025 மார்ச் 20, வியாழன்

இரு தரப்புச் சாட்சியமும் முடிந்தது. வாதத்துக்கு ஏப்ரல் 24.

குமாஸ்தாவிடம் கேட்டேன், இவர்களை யார் மதிப்பிடுகிறார்கள் என்று. மாதாமாதம் எத்தனை வழக்கு முடித்தார்கள் என்ற கணக்கு மேலே போகும், ஒவ்வொரு வகைக்கும் இத்தனை யூனிட் என்று உண்டு, வருடாந்தர ரகசியக் குறிப்பும் உண்டு என்றார். பிளாஸ்டிக் பைப் பெரியவருக்குக் கொடுத்த மூன்று நிமிடம் எந்த யூனிட்டில் வரும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "வேலை அதிகம்மா" என்றார்.

அது உண்மைதான். பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. இன்னும் அதில் பாதியைக்கூட நாடு எட்டவில்லை. 11.05க்கு வந்த நாளை நான் அழிக்கப்போவதில்லை. ஆனால் அந்த மேசையில் இருந்த கட்டுகளையும் பார்த்தேன்.

2025 ஏப்ரல் 24, வியாழன்

அம்மாவுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. வாதம் கேட்கவில்லை. கோடை விடுமுறைக்குப் பிறகு புதியவர் கேட்பார். வாதம் முடிந்து தீர்ப்புக்குக் காத்திருந்த வழக்குகளை மட்டும் போவதற்குள் எழுதி முடிக்கிறாராம். இன்று மாலை ஐந்தரைக்கும் அறையில் விளக்கு எரிந்தது.

2025 ஏப்ரல் 30, புதன்

வக்கீல் சங்கத்தில் பிரிவுபசாரம். வக்கீல்கள் பேசினார்கள், சால்வை போட்டார்கள். கட்சிக்காரர்களுக்கு அங்கே இடமில்லை. நான் வராந்தாவில் நின்றேன். காரில் ஏறும்போது வணக்கம் சொன்னேன். அவருக்கு என்னை நினைவிருந்ததா, தெரியவில்லை. பதிலுக்கு வணக்கம் சொன்னார்.

2025 ஜூன் 12, வியாழன்

புதியவர் பொறுப்பேற்றுவிட்டார். முந்தையவர் பதிவு செய்த சாட்சியத்தை வைத்தே இவர் மேற்கொண்டு நடத்தலாம், சட்டத்தில் இடமிருக்கிறது என்றார் வக்கீல். அதாவது என்னை இவர் கூண்டில் பார்க்கப்போவதில்லை. காகிதத்தில்தான் பார்ப்பார்.

என் சாட்சியத்துக்கு நகல் மனு போட்டிருந்தேன், இன்று கிடைத்தது. கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியிலேயே பிரித்துப் பார்த்தோம். மூன்றாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. "என் தந்தை காலத்தில் மாட்டு வண்டி போகும்" என்று இருக்கிறது. தம்பி அதை சத்தமாகப் படித்தான்.