வலைப்பதிவு மென்பொருளில் வட ஆற்காட்டுக்கு ஒரு தொன்மைத் தளம்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காட்டின் கல்வெட்டுகளையும் நடுகற்களையும் குடைவரைகளையும் ஊர்வாரியாக இணையத்தில் தொகுத்து வைப்பதென எங்கள் வரலாற்று ஆர்வலர் குழு முடிவெடுத்தபோது, தளத்தை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தனியாக மென்பொருள் எழுதித் தருவதாகச் சொன்ன நிறுவனங்கள் கேட்ட தொகை, ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் சேர்ந்து திரட்டக்கூடியதாக இல்லை. தொகையைக் காட்டிலும், எழுதியவரைத் தவிர வேறு எவரும் பிறகு அதைப் பழுதுபார்க்க முடியாது என்பதே எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. ஆகவே, எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய வேர்ட்பிரஸ் மென்பொருளே போதும் என்றேன்.

அது வலைப்பதிவு எழுதுவதற்கான மென்பொருள்தானே என்று குழுவில் எழுந்த ஆட்சேபம் நியாயமானது. 2003-இல் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வெளியிட்ட முதல் பதிப்பு அதற்காகவே உருவானது. புதியது மேலே, பழையது கீழே என்ற நாட்குறிப்பு வரிசைதான் அதன் இயல்பு. ஆனால் 2005-இல் வந்த 1.5 பதிப்பிலேயே தேதியோடு தொடர்பில்லாத ‘பக்கம்’ என்ற வகை சேர்ந்துவிட்டது. 2010-இல் வந்த 3.0 பதிப்பு, நமக்கு வேண்டிய உள்ளடக்க வகைகளை நாமே பதிவு செய்துகொள்ளும் வசதியை முழுமையாகத் தந்தது. முகப்பில் பதிவுகளுக்குப் பதிலாக நிலையான ஒரு பக்கத்தை வைக்க, அமைப்புகளில் ஒரு தேர்வை மாற்றினால் போதும். அவ்வளவில் பார்வைக்கு அது வலைப்பதிவாக இராது. உள்ளே தகவல் எப்படி அடுக்கப்படுகிறது என்பதுதான் உண்மையான வேலை.

தளத்தின் தோற்றத்தை முடிவு செய்யும் தீம் எதையும் தேடுவதற்கு முன், எங்களிடம் என்னென்ன வகைப் பொருள்கள் இருக்கின்றன என்பதைக் காகிதத்தில் எழுதச் சொன்னேன். கல்வெட்டு, நடுகல், கோயில், ஊர் என நான்கு வகைகள் தேறின. ஒவ்வொன்றையும் தனித்தனி ‘கஸ்டம் போஸ்ட் டைப்’பாக, அதாவது நாமே வரையறுக்கும் உள்ளடக்க வகையாகப் பதிவு செய்தேன். அதற்கான நிரலைத் தீமின் கோப்பில் எழுதாமல் சிறிய பிளக்இன் (தளத்தோடு தனியே சேர்க்கும் துணை நிரல்) ஒன்றாக எழுதி வைத்தேன். தீமில் எழுதியிருந்தால், என்றைக்காவது தீமை மாற்றும்போது பதிவுகள் தரவுத்தளத்தில் பத்திரமாக இருந்தாலும் நிர்வாகப் பக்கமான டேஷ்போர்டில் இருந்து மறைந்துவிடும். புதிய வகையைச் சேர்த்தவுடன் அதன் பக்கங்கள் திறக்காமல், பக்கம் இல்லை என்ற பொருளில் 404 என்று காட்டினால் பதற வேண்டியதில்லை. பக்க முகவரிகளை முடிவு செய்யும் பர்மாலிங்க் அமைப்புக்குள் சென்று எதையும் மாற்றாமல் ஒருமுறை சேமித்தால் போதும்.

அடுத்தது இடப் பாகுபாடு. மாவட்டம், அதற்குள் வட்டம், அதற்குள் ஊர் என்ற படிநிலை வகைப்பாட்டை அமைத்தேன். 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்ததையும், 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானதையும் கண்ட எங்களுக்கு, எல்லைகள் இனியும் மாறலாம் என்பதில் ஐயமில்லை. இந்த அமைப்பில் ஒரு வட்டத்தின் மேல்நிலையை மட்டும் மாற்றினால் அதற்குக் கீழுள்ள ஊர்களும் பதிவுகளும் தாமாகவே உடன் செல்கின்றன. அதனால்தான் பக்கங்களின் இணைய முகவரியில் மாவட்டப் பெயரை நான் சேர்க்கவே இல்லை. மறுபுறம், பழைய கல்வெட்டுத் தொகுதிகளில் வட ஆற்காடு மாவட்டம் என்றே குறிக்கப்பட்டிருப்பதால், பழைய நிர்வாகப் பெயரை ஒவ்வொரு கல்வெட்டிலும் தனிப் புலமாகவே (தகவலை நிரப்பும் பெட்டியாகவே) வைத்திருக்கிறோம்.

முகவரி என்றதும் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து முகவரியைத் தானே உருவாக்குகிறது. அதற்கான இடம் 200 எழுத்துகளே. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் முகவரியில் சதவீதக் குறிகளோடு சேர்ந்து ஒன்பது எழுத்துகளாக விரிவதால், ஏறத்தாழ 22 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடுகிறது. உயிர்மெய்யில் மெய் ஒரு குறியீடு, உயிர்க்குறி இன்னொன்று. ‘மகேந்திரவாடி குடைவரைக் கோயில்’ என்று தலைப்பிட்டால், முகவரி ‘மகேந்திரவாடி-குடைவரைக்-க’ என்று முதல் ‘க’வோடு அறுந்து நிற்கும். தளத்தின் மொழியில் எந்தச் சமரசமும் செய்யாத நான், முகவரியை மட்டும் ஊர்ப்பெயரும் வரிசை எண்ணுமாக ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைக்க விதி செய்தேன். வாட்ஸ்அப்பில் பகிரும்போது நீளமான சதவீதக் குறிகள் வந்து விழாமல் இருப்பது கூடுதல் நன்மை.

காலக் குறிப்புக்குத்தான் மிகுந்த யோசனை தேவைப்பட்டது. வலைப்பதிவில் தேதி என்றால் வெளியிட்ட நாள். எங்களுக்கு வேண்டியதோ கல்லில் வெட்டிய காலம். கல்வெட்டுகள் பெரும்பாலும் மன்னனின் ஆட்சியாண்டைத்தான் சொல்கின்றன. மகேந்திரவாடியில் உள்ளதைப் போன்ற பல்லவர் கல்வெட்டில் அதுவும் இல்லை. ஆகவே மன்னன் பெயர், ஆட்சியாண்டு, கிறித்தவ ஆண்டு, நூற்றாண்டு என நான்கு புலங்கள் வைத்தோம். ஆண்டின்படி வரிசைப்படுத்தும்போது அந்தப் புலத்தை எண்ணாகக் கருதும்படி நிரலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மென்பொருள் அதை வெறும் எழுத்தாக ஒப்பிட்டு, 1005-ஐ 907-க்கு முன்னால் நிறுத்திவிடும். 1005-இல் ஆண்ட சோழன் முதலாம் இராஜராஜன், 907-இல் பட்டமேறிய தன் முன்னோன் முதலாம் பராந்தகனுக்கே முன்னோன் ஆகிவிடுவான்.

இந்தப் புலங்கள் எழுதுவோரின் கையிலும் மாற்றத்தைக் கொண்டுவந்தன. முன்பு கே.வி. குப்பம் பக்கத்திலிருந்து எழுதும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எல்லாவற்றையும் ஒரே கட்டுரையாக அனுப்புவார். அதிலிருந்து மன்னன் யார், கல் எந்தச் சுவரில் இருக்கிறது என்று நாங்கள் தேடி எடுக்க வேண்டும். இப்போது கருவறையின் வடபுறச் சுவர், தென்புற அடித்தளம் என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துவிட்டு, கல்வெட்டுப் பாடத்தை அதற்குரிய பெட்டியில் வரிவரியாக ஒட்டுகிறார். “தம்பி, பெட்டி காலியா இருந்தாலே எது விட்டுப்போச்சுன்னு எனக்கே தெரியுது, மறுபடி கோயிலுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்” என்று அவர் சொன்னதைக் கேட்டபோது நான் பெரிதும் மகிழ்ந்தேன்.

எழுதுவோருக்கு ‘கான்ட்ரிப்யூட்டர்’ என்ற உரிமையைக் கொடுத்தோம். அவர்கள் எழுதிச் சமர்ப்பிக்கலாம், வெளியிடும் அதிகாரம் பாடத்தைச் சரிபார்க்கும் இருவரிடம் மட்டுமே இருக்கும். அந்த உரிமையில் படம் ஏற்றும் வசதி இயல்பாக இல்லை. மைப்படியோ (கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படி) புகைப்படமோ இல்லாத கல்வெட்டுப் பதிவால் பயன் குறைவு என்பதால், அதை மட்டும் தனியே சேர்த்துக் கொடுத்தோம்.

தேடல் இன்னும் முழு நிறைவளிக்கவில்லை. இயல்பான தேடல் தலைப்பையும் உரையையும் பார்க்குமே தவிர நாம் சேர்த்த புலங்களைப் பார்க்காது; அதற்குத் தனி நிரல் எழுத வேண்டியிருந்தது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் ‘கோ’ என்பதன் கொம்பும் காலும் இரண்டு குறியீடுகளாகப் பிரிந்திருப்பதுண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடலில் அகப்படாது. பதிவைச் சேமிக்கும்போதே அவற்றை இணைத்துச் சீராக்கும் நிரல் இப்போது இயங்குகிறது. திருவல்லம், திருவலம் போன்ற எழுத்து வேறுபாடுகளுக்கு, ஊர்ப் பதிவிலேயே மாற்றுப் பெயர்களுக்கான புலம் ஒன்று இருக்கிறது. அதை நிரப்பும் பணியை ஆய்வு மாணவர்கள் மேல்பாடியிலிருந்து தொடங்கி வட்டம் வட்டமாகச் செய்துவருகிறார்கள்.