புது உடைப்பா, பழைய உடைப்பா?

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் இறங்கி மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் தோட்டத்து வீடு. மாமனாரின் அப்பா கட்டியது. சீமை ஓடு, அதைத் தாங்க மரக் கைமரங்கள், முன்னால் ஆசாரம் என்கிற முன்கூடம். ஆசாரத்துக்கும் முன்னால் பின்னாளில் நாங்கள் இறக்கிய சிமெண்டு சீட்டு. போன வருஷம் மே முதல் வாரம், சாயங்காலம் நாலரை மணி இருக்கும். களத்தில் காய்ந்த கொப்பரையை அள்ளி மூட்டை பிடித்துக்கொண்டிருந்தோம். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துப் பக்கமிருந்து புழுதி சுவர் மாதிரி எழும்பி வந்தது. "அம்மிணி, கொப்பரை கெடக்குது உடு, உள்ள வா" என்று அத்தை கத்தினார்கள்.

பத்து நிமிஷம்தான். முதலில் ஓடுகள் ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தம். அப்புறம் முகட்டு ஓடு பெயர்ந்தது. முகடு திறந்ததும் காற்று உள்ளே இறங்கி, அடியிலிருந்து ஓடுகளைத் தூக்கிப் போட்டது. முன் சீட்டு முழுசாகப் பறந்து கிணற்றடியில் விழுந்தது. வேப்பமரம் வேரோடு சாய்ந்து காம்பவுண்டுச் சுவரில் 22 அடியை இடித்தது. அதன் பிறகு வந்த மழை நடுவீட்டில் பெய்தது.

யாருக்கும் அடி படவில்லை. வாசலில் மின்கம்பி அறுந்து கிடந்ததால் பிள்ளைகளைப் பின்பக்கமாகவே வெளியே அனுப்பினோம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி, லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் வாசலில் கால் வைத்தோம்.

நான் காங்கேயத்தில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஆலைக்கு இன்சூரன்ஸ் வந்து பார்த்தது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கும் ஒன்று இருக்கிறது என்பது மட்டும் அன்று ராத்திரி வரை தெரியாது. 2022-இல் தரை மாற்றவும் குளியலறை கட்டவும் வங்கியில் எட்டு லட்சம் கடன் வாங்கியிருந்தோம். கடன் கொடுத்த அன்றைய கணக்குத் தாளில் "காப்பீட்டுப் பிரீமியம்" என்று ஒரு வரி. கையெழுத்துப் போட்டபோது யாரும் படிக்கவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறவர்கள் இன்றைக்கே அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். வங்கி தன் கடனுக்குப் பாதுகாப்பாக ஒரு பாலிசி எடுத்து, அசலைத் தன் கோப்பிலேயே வைத்திருக்கும். மறுநாள் காலையில் கிளைக்குப் போய் நகல் வாங்கினேன். பத்து வருஷத்துக்கு எடுத்த பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பொதுவான பாலிசி இது. தீ, இடி, புயல், சூறைக்காற்று, வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் இதில் அடக்கம். காப்பீட்டுத் தொகை வீட்டின் மதிப்பைவிடக் குறைவாக இருந்தாலும் அந்த விகிதத்துக்கு இழப்பீட்டை வெட்டமாட்டார்கள். ஆலை பாலிசியில் அந்த வெட்டு உண்டு என்பதால் இதைப் படித்தபோது மூச்சு வந்தது.

பாலிசி இருப்பது தெரிவதற்கு முன்பே நாங்கள் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருந்தோம். வீட்டுக்காரர் விடிந்ததும் உடைசலை அள்ளி டிராக்டரில் கொட்டத் தயாராக இருந்தார். வாசல் அப்படிக் கிடப்பதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. ஆலையில் பார்த்த பழக்கத்தில் நான் தடுத்தேன். முதலில் நாலு மூலையிலிருந்தும் கூரையைப் போட்டோ எடுத்தோம். பிறகு ஒவ்வொரு அறையிலும் அண்ணாந்து ஒன்று, அப்புறம் கிட்டத்தில். அதற்கப்புறம்தான் மேலே தார்ப்பாய் கட்டினோம். மழை மேலும் உள்ளே இறங்காமல் தடுப்பது நம் பொறுப்பு என்று பாலிசியிலேயே இருக்கிறது. ஆகவே தார்ப்பாய் கட்டத் தயங்க வேண்டாம், பில்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த ஓட்டையும் மரத்தையும் தொழுவத்து ஓரமாகக் குவித்து வைத்தோம்.

காலை பத்து மணிக்குள் நிறுவனத்தின் எண்ணில் தகவல் பதிந்து கிளைம் எண் வாங்கினேன். கிளைம் படிவத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு, நான் மூன்றாம் நாளே கொடுத்துவிட்டேன். சூறைக்காற்று அடித்ததற்குச் சாட்சியாக, எங்கள் பக்கத்தில் மரங்கள் சாய்ந்த செய்தி வந்த நாளிதழ்த் துண்டு, வீஏஓ எழுதிக் கொடுத்த சான்று இரண்டையும் சேர்த்தேன்.

மதிப்பீட்டுப் பட்டியலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "கூரை வேலை, மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதினால், சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் எதை ஒப்புக்கொள்வார், எதை வெட்டுவார்? எங்கள் ஆசாரியும் ஓடு மேய்கிற அண்ணனும் உட்கார்ந்து தனித்தனியாகச் சொல்ல, நான் எழுதினேன். ஓடும் முகட்டு ஓடும் 16,300. கைமரம், அதன் குறுக்கே அடிக்கிற ரீப்பர் சட்டம் 34,000. ஆசாரி கூலியும் ஓடு மேயும் கூலியும் 38,000. முன் சீட்டும் அதன் பைப்பும் 31,000. காம்பவுண்டுச் சுவர் 42,000. தண்ணீர்த் தொட்டி, குழாய் 11,500. சுவர்ப் பூச்சு, பெயிண்ட் 13,500. மொத்தம் 1,86,300 ரூபாய். பழைய அச்சு ஓட்டுக்குப் பக்கத்தில் புது ஓடு உட்காராது, பள்ளம் பொருந்தாமல் ஒழுகும். அண்ணன் வெள்ளகோவில் பக்கம் இடித்த வீடு ஒன்றிலிருந்து அதே அளவு ஓட்டைத் தேடிப் பிடித்தார்.

நாலாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து சர்வேயர் வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவசரத்தில் இருந்தார். அவருக்குக் கூலி கொடுப்பது நிறுவனம், நாம் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. டார்ச்சை அடித்து மேலே பார்த்தவர், ஒரு கைமரத்தின் நுனியில் விரலால் அழுத்தினார். மரம் தூளாக உதிர்ந்தது.

"கரையான் அரிச்ச மரம்மா இது. காத்து அடிக்காட்டியும் அடுத்த வருஷம் விழுந்திருக்கும்."

"அது ஒண்ணுதானுங்க சார் அப்படி. மத்ததையும் பாருங்க" என்றேன். எழுதிக்கொண்டார், ஆனால் மற்றவற்றை ஏறிப் பார்க்கவில்லை.

அறிக்கை வந்ததாகச் சொல்லி நிறுவனம் ஒப்புக்கொண்ட தொகை 83,300. மரம் முழுவதும் தள்ளுபடி, பழுதடைந்த மரம் என்று. அதனால் கூலியில் பாதி, 19,000 போயிற்று. காம்பவுண்டுச் சுவர் "வீட்டில் சேராது" என்று 42,000 போயிற்று. இவை போக உடைசலின் மதிப்பு 3,000, பாலிசிப்படி நாங்களே ஏற்க வேண்டிய 5,000. கடைசி இரண்டும் நியாயம். முதல் மூன்றும் இல்லை. அன்று ராத்திரி எனக்கு அழுகை வந்தது. கை நீட்டிக் கேட்கிற மாதிரி இருக்கிறதே என்று வீட்டுக்காரர் விட்டுவிடச் சொன்னார். பிரீமியம் எங்கள் கணக்கிலிருந்து போன பணம், கேட்பது எங்கள் உரிமை என்று நான் பிடித்த பிடியில் நின்றேன்.

எனக்கு வழி காட்டியது ஓடு மேய்கிற அண்ணன். தொழுவத்துக் குவியலிலிருந்து இரண்டு ஓட்டுத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "அம்மிணி, ஒடஞ்ச வாயப் பாரு." ஒன்றின் உடைந்த விளிம்பு அரிந்த அரசாணிக்காய் (பூசணி) நிறத்தில் பளிச்சென்று இருந்தது. இன்னொன்றின் விளிம்பு கறுத்து, பாசி படிந்து, விரல் வைத்தால் வழவழத்தது. முதலாவது இந்தக் காற்றில் உடைந்தது, இரண்டாவது எப்போதோ உடைந்து கூரையிலேயே கிடந்தது. மரத்திலும் அப்படித்தான். நல்ல மரம் முறிந்தால் நார் நாராக நீண்டு, உள்ளே வெளுப்பாக இருக்கும். உளுத்த மரம் குட்டையாக ஒடிந்து, பழுப்பாகத் தூள் கொட்டும். கைமரம் ஒவ்வொன்றின் முறிவையும், பக்கத்தில் அளவுகோல் வைத்து, வெயிலில் போட்டோ எடுத்தேன். முறிந்த ஐந்தில் நாலு நார் நாராக வெளுத்திருந்தன. சர்வேயர் அழுத்திய அந்த ஒன்று மட்டும் பழுப்பு.

இன்னொரு சாட்சி ஆல்பத்தில் இருந்தது. தை மாதம் என் மகள் பெரியவளானதற்கான தெரட்டிச் சீர் இதே ஆசாரத்தில்தான் நடந்தது. போட்டோக்காரத் தம்பி கொடுத்த படங்களில், தாய்மாமன் மாலை போடுகிற படத்துக்குப் பின்னால் கூரை நேர்கோடாக, ஓடு ஒன்றும் விலகாமல் தெரிந்தது. படத்தில் தேதியும் பதிவாகியிருந்தது. காற்றுக்கு நாலு மாதம் முன்பு கூரை நல்லபடி இருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு ஒன்றரைப் பக்கத்தில் மின்னஞ்சல் எழுதினேன். கோபமாக ஒரு வரிகூட எழுதவில்லை. மரத்துக்குப் படங்கள். காம்பவுண்டுச் சுவருக்குப் பாலிசி வாசகமே போதும், கட்டடம் என்றால் என்னென்ன என்று சொல்கிற இடத்தில் சுற்றுச்சுவர், வேலி, கேட் எல்லாம் பெயர் சொல்லி இருக்கின்றன. அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு இணைத்தேன். மரத்தின் தொகை சேர்ந்தால் அதற்கான கூலியும் சேர வேண்டும் என்று மூன்றாவது. இரண்டாம் முறை சர்வே செய்யக் கேட்டேன். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லாவிட்டாலோ சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் வரையிலான வழக்கை அங்கே எடுக்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணிலும் புகார் பதியலாம். அதற்கெல்லாம் போகிற அவசியம் எங்களுக்கு வரவில்லை.

ஒன்பதாம் நாள் சர்வேயர் மறுபடி வந்தார். இந்த முறை ஆசாரியும் அண்ணனும் கூட இருந்தார்கள். குவியலில் ஓட்டுத் துண்டுகளைத் தானே புரட்டிப் பார்த்தார். "மொதல்லயே இதக் காட்டியிருக்கலாமேம்மா" என்றார். எனக்கே அப்போதுதான் தெரியும் என்று சொன்னேன். கரையான் அரித்த மரத்துக்கு 8,000 கழித்தார், அது சரிதான். மற்றதெல்லாம் ஏறியது. கடைசித் தொகை 1,70,300.

பணம் வந்தது வங்கிக் கடன் கணக்குக்கு. பாலிசியில் வங்கியின் பெயரும் இருந்ததால் இழப்பீடு முதலில் அவர்களுக்குத்தான் போகும். தவணை ஒன்றும் பாக்கியில்லை, பணம் வேலைக்கு வேண்டும் என்று கடிதமும் பில்களும் கொடுத்த பிறகு மேலாளர் சேமிப்புக் கணக்குக்கு மாற்றினார். அதற்கு இரண்டு வாரம் ஆனது. கூலி ரசீதுகளில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தது அங்கே கைகொடுத்தது.

பக்கத்துத் தோட்டத்தில் மாடு பார்த்துக்கொண்டு சாளைக் குடிசையில் குடியிருக்கும் குடும்பத்துக்குக் காப்பீடு ஏது? அவர்களை வீஏஓ அலுவலகத்துக்கு நானே கூட்டிப் போனேன். அப்போதிருந்த பேரிடர் நிவாரண விதிப்படி குடிசை சேதத்துக்கு 8,000 ரூபாய், வீட்டோடு சேர்ந்த மாட்டுக் கொட்டகைக்கு 3,000. கட்டின வீடு 15 சதவீதமாவது சேதமானால் 6,500. தொகை சிறிது, ஆனால் போட்டோ, ஆதார், பாஸ்புக் மூன்றும் முதல் வாரமே கொடுத்தால் வருகிறது. அவர்களுக்கு வந்தது.

ஓடு மேய்ந்து முடிந்தது ஆனி பாதியில். இந்த முறை ஓரத்து இரண்டு வரிசையையும் முகட்டையும் கம்பி போட்டு ரீப்பரோடு கட்டச் சொன்னோம், காற்று முதலில் பிடிப்பது அங்கேதான். கரையான் மரத்தோடு ஒட்டியிருந்த சுவர்த் தலையில் மருந்து அடித்தோம். ஆடி பிறந்து பாலக்காட்டுக் காற்று ராத்திரியெல்லாம் வீசியபோது அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடு உரசுகிற சத்தம் வரவில்லை. "தூங்குங்கத்தை" என்றேன். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் படுத்தார்கள்.