தீனி எடுக்குது, ஆனாலும் ஆடு சரியில்லை

பிலாக்குழையை (பலா இலையை) நீட்டியதும் ஓடி வந்து கடித்தால் ஆட்டுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவதுதான் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் பலருக்கும் பழக்கம். இதை நம்பித்தான் நிறைய ஆடுகள் கைவிட்டுப் போகின்றன. ஆடு நோவை வெளியே காட்டாத பிராணி. ஆள் பக்கத்தில் நின்றால் தலையைத் தூக்கும், நாலு இலையும் கடிக்கும். ஆள் நகர்ந்ததும் மூலையில் போய்க் கூனி நிற்கும்.

அதனால் காலையில் கூட்டுக் கதவைத் திறப்பதற்கு முன், தள்ளி நின்று ஐந்து நிமிடம் பார்த்துவிட வேண்டும். மற்றவை படுத்து அசை போடும்போது ஒன்று மட்டும் சும்மா நின்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதுகை வளைத்து, நாலு காலையும் வயிற்றுக்கடியில் கூட்டி நிற்பது பெரும்பாலும் வயிற்று நோவு. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தத்தை அசை என்று நினைத்துவிடக் கூடாது. அசை போடும்போது தொண்டையில் உருண்டை ஏறி இறங்குவது தெரியும். நோவில் வாய் காலியாக இருக்கும், சத்தம் மட்டும் வரும். தாய் ஆடு குட்டியை உதைத்துத் தள்ளினால் மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடும் கெட்டியும் இருந்தால் மடிநோய். நம் ஊர்க் கூடு உயர்த்திக் கட்டியது, புழுக்கை பலகை இடுக்கு வழியே கீழே போய்விடும், எதனுடையது என்று தெரியாது. கழிச்சலைக் கண்டுபிடிக்க வாலடியைத்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகப்பட்ட ஆட்டுக்கு முதலில் காய்ச்சல் பாருங்கள். மனிதருக்கு வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். நுனியில் தேங்காயெண்ணெய் தடவி, ஆசனவாயின் பக்கச் சுவரில் படும்படி வைக்க வேண்டும். புழுக்கைக்குள் செருகினால் அளவு தப்பும். 101.5 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட் வரை சரி. மதிய வெயிலில் கட்டிக் கிடந்த ஆட்டுக்குச் சும்மாவே கூடுதலாகக் காட்டும், அதனால் காலை அளவுதான் கணக்கு. 105-ஐத் தொட்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். தவிடு ஒட்டினாற்போல் இருந்தால் ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். அந்த ஆட்டை அப்போதே பிரித்துக் கட்ட வேண்டும். காய்ச்சலை விட பயப்பட வேண்டியது 100-க்குக் கீழே போவது. மழையில் நனைந்து குளிர்ந்த குட்டிக்கு உடனே பால் புகட்டுவது தவறு, அது செரிக்காது. முதலில் துடைத்துச் சூடேற்ற வேண்டும், பிறகுதான் பால்.

அடுத்தது இடது அல்லை. விலா முடிந்து இடுப்பெலும்பு தொடங்குமுன் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வையுங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை உள்ளே உருண்டு கையைத் தள்ள வேண்டும். பள்ளம் மேடாகி, தட்டினால் முரசுபோல் கேட்டால் உப்புசம். மாவு பிசைந்ததுபோல் தொளதொளவென்று அசைவில்லாமல் கிடந்தால், கல்யாண வீட்டு மிச்சச் சோறோ அழுகத் தொடங்கிய சக்கைப் பழமோ (பலாப்பழமோ) தின்றிருக்கும் என்று சந்தேகப்படலாம். வாய்வழி எதை ஊற்றினாலும் ஆட்டின் மூக்கைக் கண்மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது. நுரையீரலுக்குப் போனால் உப்புசத்தில் பிழைத்த ஆடு சளிக்காய்ச்சலில் சாகும்.

இமை பார்ப்பதுதான் நம் மாவட்டத்துக்கு மிகவும் உதவுகிற சோதனை. இரண்டு பருவமழையும் பெய்கிற இடம், புல்லில் ஈரம் காயாது, புழுவுக்குக் கொண்டாட்டம். நல்ல வெளிச்சத்தில் மேலிமையை ஒரு கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, கீழிமையை மறு விரலால் இறக்கினால் உள்சவ்வு பிதுங்கி வரும். செக்கச் சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறிய ரோஸ் நிறம் என்றால் மருந்து வேண்டும். வெள்ளை என்றால் அன்றைக்கே மருத்துவர். இரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழு கழிச்சலே இல்லாமல் ஆட்டைக் கொல்லும், அதனால் வாலடி சுத்தமாக இருப்பதை வைத்து ஏமாறக் கூடாது. தாடைக்கடியில் நீர் கோத்திருந்தால் சாயங்காலம் மேய்ந்து வந்ததும்தான் நன்றாகத் தெரியும். குளத்தங்கரையிலும் ஏலா (வயல்) வரப்பிலும் மேய்ந்த ஆடு வெளுத்தால் ஈரல் தட்டைப்புழுவையும் நினைக்க வேண்டும், அதற்கு மருந்து வேறு. கண்மதிப்பாக எடை போட்டுக் குறைவாக மருந்து கொடுத்தால் புழுவுக்கு அது பழகிப்போகும், தராசு வையுங்கள். சினை பிடித்த முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் என்ற புழுமருந்து வேண்டாம்.

இமை வெளுத்தால் மட்டும்தான் ஆபத்து என்றில்லை. கண்ணும் ஈறும் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, ஆடு வாயைத் திறந்து மூச்சிரைத்துத் தள்ளாடினால் மரச்சீனி (மரவள்ளி) இலை தின்றதா என்று கேட்க வேண்டும். காற்றில் முறிந்து விழுந்த ரப்பர் கொப்பின் இலையிலும் அதே சயனைடு நஞ்சு உண்டு. சில நிமிடங்களிலேயே கூட முடிந்துவிடும். நரம்பில் ஏற்றும் மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் போனில் "மரச்சீனி தின்னுட்டு" என்று முதல் வார்த்தையிலேயே சொன்னால்தான் மருத்துவர் அதை எடுத்துக்கொண்டு வருவார்.

அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது காயடித்த கிடாவின் நோவு. வாலை ஆட்டி, காலை விரித்து முக்கும். உடனே மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். முக்குவது மூத்திரத்துக்கு. உலர்ந்த சாக்கின் மேல் ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள்: சாக்கு நனையவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக இரத்தம் கலந்து வருகிறது என்றால் மூத்திரக் குழாயில் கல் அடைத்திருக்கிறது. குறியின் நுனி முடியைத் தடவினால் சிலவற்றில் மணல்போல் நெருடும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். அதையே தினம் அள்ளிப் போட்டு, தண்ணீரும் குறைவாகக் காட்டினால் கல் கட்டும். சின்ன வயதிலேயே காயடித்தால் குழாய் விரியாமல் குறுகி நிற்கும். அடைப்பு நீடித்து மூத்திரப்பை வெடித்தால் நோவு சட்டென்று அடங்கி, கிடா தெளிந்ததுபோல நிற்கும். எண்ணெய் வேலை செய்தது என்று வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அதன் பிறகு வயிறு நீர் கோத்துப் பெருக்கும், அப்போது செய்வதற்கு அதிகமில்லை.

கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்கு அழைக்கும்போது காய்ச்சல் அளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு (ஓய்வில் 15 முதல் 30 வரை சரி), கடைசியாக அசை போட்டதும் மூத்திரம் போனதும் எப்போது, சினையா, கடைசியாகக் கொடுத்த புழுமருந்து என்ன என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். வலி மருந்து வீட்டில் இருக்கிறது என்று கொடுத்துவிட்டு அழைத்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.