திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்கு: ஒரு எம்.இ. ப்ராஜெக்டின் கதை

போக்குவரத்துப் பொறியியல் எம்.இ. கடைசி வருஷம் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்டார்கள். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் என்கிற தைரியத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைச் சொல்லிவிட்டேன். திருவொற்றியூர் பக்கத்திலிருந்து பாரிமுனைக்குப் போக பஸ், ஷேர் ஆட்டோ, புறநகர் ரயில், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ, சொந்த பைக் என்று ஐந்து வழி இருக்கிறது. யார் எதில் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று மாடல் போட வேண்டும். “ஃபீல்டு ஒர்க் எத்தனை நாள்?” என்று கைடு கேட்டார். “ரெண்டு வாரம் சார்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். மூன்று மாதம் ஆனது.

இந்த மாடலின் அடிப்படை எளிது. ஒவ்வொரு வழிக்கும் மனதுக்குள் ஒரு மதிப்பெண் போடுகிறோம், நேரமும் செலவும் கூடக்கூட மதிப்பெண் குறையும், அதிக மதிப்பெண் பெற்றதில் ஏறுகிறோம். வெளியே தெரியாத காரணங்களுக்குத்தான் நிகழ்தகவு. டேனியல் மெக்ஃபேடன் என்கிற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதே கணக்கை வைத்து, சான் பிரான்சிஸ்கோவில் பார்ட் ரயில் ஓடுவதற்கு முன்பே, வேலைக்குப் போகிறவர்களில் 6.3 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்றார். அதிகாரப்பூர்வக் கணிப்பு 15 சதவீதம். ரயில் ஓடியதும் வந்தவர்கள் 6.2 சதவீதம். 2000-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. இதை வகுப்பில் கேட்ட அன்றே நான் இந்தப் பாடத்தில் விழுந்துவிட்டேன். அவர் எத்தனை பேரிடம் திட்டு வாங்கினார் என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

முதல் நாள் குப்பத்துப் பக்கம் போனேன். கழுத்தில் கல்லூரி ஐடி கார்டு, கையில் கிளிப் போர்டு. அந்தக் கோலம் அங்கே என்ன அர்த்தம் கொடுக்கும் என்று யோசிக்காதது என் தப்பு. ஒரு அம்மா கதவைப் பாதி சாத்திக்கொண்டே, “வூட்டக் காலி பண்ணச் சொல்லி வந்துக்கிறியா?” என்றார். வீட்டைக் காலி செய்தவர்களைக் குடியமர்த்துகிற பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று உறவுகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற தெருவில் ‘மாத வருமானம் எவ்வளவு?’ என்று கேட்டால் வேறு என்ன நினைப்பார்கள்? அன்று ஒன்பது படிவம்தான் தேறியது. அதிலும் வருமானம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, “அதெல்லாம் இன்னாத்துக்கு.”

மறுநாள் அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டு, வீட்டில் பைக் உண்டா, எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்று மாற்றினேன். கிளிப் போர்டுக்குப் பதில் சாதாரண நோட்டு. ஐடி கார்டு பைக்குள் போனது, கேட்டால் காட்டுவேன். ‘பயண முறைத் தேர்வு’ என்று படிவத்தில் எழுதியிருந்ததையும் அடித்துவிட்டு “காலையில எதுல போவீங்க?” என்றே கேட்டேன். அப்புறம்தான் வேலை ஓடியது.

நடக்காததை வைத்துக் கேட்கிற கேள்விகள் தனித் தொல்லை. ‘மெட்ரோ கட்டணம் பத்து ரூபாய் குறைந்தால் மாறுவீர்களா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்கிறார்கள். கட்டணத்தைக் குறைக்கத்தான் நான் வந்திருக்கிறேன் என்று நினைத்துச் சொல்கிற ஆமாம் அது. தேரடியில் ஒரு பெரியவர் மட்டும், “மொதல்ல கொறைக்கச் சொல்லு பாப்பா, அப்பால வந்து கேளு” என்றார். அவர் சொன்னதுதான் நேர்மையான பதில்.

வண்டிகளை எண்ணுவது இன்னொரு கதை. கேமரா வைக்க அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நான்கு தடவை அலைந்தேன். கடைசியில் தெரிந்தவர் வீட்டு மூன்றாவது மாடியில் போனைக் கட்டி வைத்து எடுத்தேன். ஒரு மணி நேர வீடியோவை எண்ணி முடிக்க எனக்கு நான்கு மணி நேரம் பிடித்தது. நம் சாலையில் எல்லா வண்டியையும் ஒன்று என்று எண்ண முடியாது, காருக்கு இணையாக மாற்ற வேண்டும். அதைத்தான் பிசியு என்பார்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐஆர்சி 106 என்கிற 1990-ம் ஆண்டு வழிகாட்டியில் கார் 1, டூ வீலர் 0.5 அல்லது 0.75, ஆட்டோ 1.2 அல்லது 2, பஸ்ஸும் லாரியும் 2.2 அல்லது 3.7. அந்த வகை வண்டி சாலையில் எவ்வளவு பங்கு என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். மீன்பாடி வண்டி வந்தது, சைக்கிள் ரிக்‌ஷா கணக்கில் சேர்த்தேன். நாற்பதடி கண்டெய்னர் டிரெய்லர் வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். சாதாரண லாரியின் 3.7-ஐ அதற்குக் கொடுத்தால் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற எவரும் சிரிப்பார்கள். கடைசியில் வேக விகிதத்தைப் பரப்பளவு விகிதத்தால் வகுக்கிற முறையில் நானே ஒரு மதிப்பு கண்டுபிடித்துப் போட்டேன். கைடு இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

பயண நேரத்தை மேப் சேவையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். முதல் ராத்திரி பத்து நிமிடத்துக்குப் பதில் பத்து விநாடி என்று அடித்துவிட்டுத் தூங்கிப்போனேன். விடிந்தபோது மேப் சேவை இலவசமாகத் தருகிற அளவு காலி. சரி, அது என் கொழுப்பு.

அதைவிடப் பெரிய பாடம் எண்ணூர் விரைவுச் சாலையில் கிடைத்தது. ஒரு காலையில் மேப் முழுக்க அடர் சிவப்பு, பத்தொன்பது நிமிடம் என்கிறது. அதே நேரத்தில் தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, ஜிபிஎஸ் பதிவை ஓடவிட்டுப் போனேன். ஏழு நிமிடத்தில் வந்துவிட்டோம். இடது ஓரம் முழுக்கத் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கிற டிரெய்லர்கள். ஒவ்வொன்றிலும் டிரைவரும் கிளீனரும் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நகராத அந்தப் போன்களையும் மேப் ‘மெதுவாகப் போகிற போக்குவரத்து’ என்று எடுத்துக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம். 2020-ல் பெர்லினில் ஒரு கலைஞர் 99 போன்களைத் தள்ளுவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு போய், காலித் தெருவை மேப்பில் சிவப்பாக்கிக் காட்டினாரே, அதேதான். இங்கே யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குப் பிறகு பைக்குக்கு மேப் நேரத்தை நான் நம்பவில்லை. தம்பிக்குப் பெட்ரோல் போட்டு, பன்னிரண்டு நாள் நேரில் ஓட்டி எடுத்தேன்.

எல்லாத் தரவையும் சேர்த்து மாடலை ஓட்டிய ராத்திரியை மறக்க முடியாது. செலவு கூடினால் மதிப்பெண் எவ்வளவு மாறும் என்று சொல்கிற எண்ணைப் பீட்டா என்பார்கள். செலவுக்கான பீட்டா நேர்மறையாக வந்தது. அதாவது, டிக்கெட் விலை ஏற ஏற வடசென்னைக்காரர்கள் சந்தோஷமாக ஏறுகிறார்களாம். மூன்று நாள் நிரலில் தப்பு தேடினேன். தப்பு நிரலில் இல்லை.

எல்லோருக்கும் ஐந்து வழியும் உண்டு என்று நான் எழுதி வைத்திருந்தேன். ரயில் டிக்கெட் வெறும் ஐந்து ரூபாய். ஆனால் ஸ்டேஷன் மேற்கே தள்ளி இருக்கிறது. கடலோரத்திலிருந்து அவ்வளவு தூரம் நடந்து யார் போவார்? மலிவானதில் யாரும் ஏறவில்லை என்பதைப் பார்த்த கணக்கு, இவர்களுக்கு விலை அதிகம் இருந்தால்தான் பிடிக்கும் என்று முடிவு கட்டியிருக்கிறது. பஸ்ஸிலும் அதே கோளாறு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், அதனால் செலவு பூஜ்யம் என்று போட்டிருந்தேன். அந்த பஸ் வரும்வரை நிற்கிற நேரத்தை எங்கேயும் போடவில்லை. நானே தினமும் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு இலவச பஸ்ஸுக்கு நிற்கிறவள். எனக்கே இது தோன்றவில்லை.

ஒவ்வொருவருக்கும் எந்த வழி உண்டு, எது இல்லை என்று படிவம் படிவமாகத் திரும்பக் குறித்தேன். காத்திருக்கிற நேரம், நடக்கிற நேரம், வண்டிக்குள் இருக்கிற நேரம் மூன்றையும் பிரித்தேன். ரயில்வே கேட்டைத் தாண்டி வருகிற கொருக்குப்பேட்டைக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து இன்னொன்றும் கிடைத்தது: “கேட் தொறந்திருந்தா அஞ்சு நிமிசம், சாத்திட்டா இருவது. நான் இருவதுன்னு வெச்சுதான் கெளம்புவேன்.” அதனால் சாதாரண நாளைக்கும் மோசமான நாளைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாகச் சேர்த்தேன். படிவத்துக்குப் பதில் சொன்னவர்களுக்கெல்லாம் போன் போட்டு “மோசமான நாள்ல எவ்ளோ ஆகும்?” என்று மறுபடி கேட்க வேண்டியிருந்தது. பாதிப் பேர் எடுத்தார்கள். செலவின் பீட்டா எதிர்மறைக்கு இறங்கியது. நின்றுகொண்டு காத்திருக்கிற ஒரு நிமிடம், உட்கார்ந்து போகிற ஒரு நிமிடத்தைவிட நன்றாகவே கனத்தது.

ஒரு சிக்கல் மட்டும் கடைசிவரை இருந்தது. வழிகளைக் குறித்தபோது சில படிவங்களில் ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. காசிமேட்டில் மீன் எடுத்து மார்க்கெட்டுக்குப் போகிற அக்கா ஒருவர் அதில் உண்டு. ரயில், மெட்ரோ, பஸ் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, கூடையிலிருந்து சொட்டுகிற தண்ணியைக் காட்டி, “இதோட எங்க ஏறச் சொல்ற?” என்றார். விடிகாலையில் நான்கு பேர் சேர்ந்து பிடிக்கிற ஆட்டோதான் அவருக்கு. ஒவ்வொருவரும் தான் போகிற வழியில் ஏறுவதற்கான நிகழ்தகவின் மடக்கையைக் கூட்டித்தான் மாடல் பீட்டாவைத் தேடும். தேர்வே இல்லாதவரின் நிகழ்தகவு ஒன்று, ஒன்றின் மடக்கை பூஜ்யம். மாடலில் அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு எண்கூட மாறாது. நீக்கிவிடுவதுதான் வழக்கம் என்றார் கைடு. நீக்கினேன். அந்தப் படிவங்களை மட்டும் பின்னிணைப்பில் ஒரு அட்டவணையாகப் போட்டு, ‘வேறு வழி ஏன் இல்லை’ என்கிற பத்தியில் அவரவர் சொன்னதை அப்படியே எழுதினேன். அந்த அக்கா பெயருக்கு நேரே ஒரே வார்த்தை: கூடை.